ஜப்பான் போகிறோம், ஞாயிறு ஆராதனைக்கு என்ன செய்வது?

கம்மனஹள்ளிக்காரன்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நானும் மனைவியும் பெங்களூரு கம்மனஹள்ளியில் இருக்கிறோம். இரண்டு பேரும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. வேலை விஷயமாக ஏப்ரலில் இரண்டு வருடத்துக்குக் குமமோட்டோ போகிறேன், மனைவியும் வருகிறாள். வீடு, விசா எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. அங்கே லுத்தரன் சபை இருக்கிறதா? ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆங்கில ஆராதனை தேடிப் போகலாமா, இல்லை யூடியூபில் நம்மூர் ஆராதனையைப் பார்த்தால் போதுமா? "ரெண்டு வருஷம்தானே, போன்ல பாத்துக்க" என்கிறார் என் மாமா. திருவிருந்து இல்லாமல் ஒரு மாதம் போனாலே என் மனைவிக்கு ஏதோ மாதிரி ஆகிவிடும். அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஃப்ரேசர்டவுன்_ராஜன்:

நான் சி.எஸ்.ஐ. டோக்கியோவில் ஆறு மாதம் இருந்தேன். ஆங்கிலத்தில் ஆராதனை நடக்கும் பொதுச் சபை ஒன்றுக்குப் போனேன், பல நாட்டு ஆட்கள், நல்ல பிரசங்கம், முடிந்ததும் காபி. உங்கள் ஊரில் அப்படி இல்லையென்றால் மாமா சொல்கிறபடி போனிலேயே பாருங்கள். மொழி புரியாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்குப் பெயர் ஆராதனை இல்லை, தவம்.

பொறையார்_மருமகள்:

ராஜன் அண்ணன் சொல்வது டோக்கியோவுக்குச் சரி. நாங்கள் இருந்தது குமமோட்டோவிலேயேதான், 2022 முதல் 2024 வரை. இப்போது லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம், உங்களுக்குக் கூப்பிடு தூரம். எங்க வீட்டுக்காரர் பொறையார், நான் தங்கவயலில் பிறந்தவள்.

தம்பி, நீங்கள் போகிற ஊர் லுத்தரன்களைத் தெரிந்த ஊர். அமெரிக்காவிலிருந்து லுத்தரன் மிஷனரிகள் 1892இல் ஜப்பானுக்கு வந்து, 1893 ஈஸ்டர் அன்று சாகாவில் முதல் ஆராதனை நடத்தினார்கள். சாகாவும் குமமோட்டோவும் ஒரே கியூஷூ தீவு. மிஷன் 1911இல் குமமோட்டோவில் தொடங்கிய கியூஷூ காக்குயின் பள்ளி இன்றும் நடக்கிறது. ஊருக்குள்ளேயே ஒன்றுக்கு மேல் சபை உண்டு. ஆனால் "லுத்தரன் சர்ச் எங்கே" என்று கேட்டால் ஒருவருக்கும் புரியாது. அவர்களுக்கு ல வராது. "ரூத்தெரு க்யோக்காய்" என்று கேளுங்கள்.

பெரிய கோயிலையும் கூட்டத்தையும் மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். எல்லாப் பிரிவும் சேர்த்தே அங்கே கிறிஸ்தவர்கள் நூற்றில் ஒருவர் அளவுதான். எங்கள் சபையில் இருபது சொச்சம் பேர், முக்கால்வாசி எழுபது தாண்டியவர்கள். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. உள்ளே நுழைந்ததும் "ஷூஹோ" என்று மடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஆராதனை முறை, பாட்டு எண், போன வாரக் காணிக்கை, போன வாரம் வந்தவர்கள் எத்தனை பேர் எல்லாம் அதில் அச்சிட்டிருக்கும். முதல் ஞாயிறு நாங்கள் வாங்கிய தாளில் ஆண் 7, பெண் 14. அடுத்த ஞாயிறு ஆண் 8, பெண் 15. அந்த எண்களின் மேல் இவர் விரலை வைத்து என்னிடம் காட்டினார், வாயைத் திறக்கவில்லை. அந்தத் தாள் இன்னும் எங்கள் பைபிளுக்குள் இருக்கிறது.

மொழி விஷயம். ஆராதனை முறை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் தம்பி, அதை மறந்துவிட்டுப் பயப்படுகிறீர்கள். பாவ அறிக்கை, "கர்த்தாவே இரங்கும்", பாடங்கள், விசுவாசப் பிரமாணம், பிரசங்கம், காணிக்கை, திருவிருந்து. அதே வரிசை. எழுந்து நிற்கிற இடத்தில் கால் தானாக எழும். அவர்கள் "ஷூ யோ" என்று தொடங்கினால் "கர்த்தாவே" என்று உங்கள் வாயில் வரும். பரமண்டல ஜெபத்தை நான் கடைசி வரை தமிழில்தான் சொன்னேன், அவர்கள் "ஆமென்" சொல்லும்போது நான் பெரும்பாலும் "ராஜ்யமும் வல்லமையும்" பக்கம் இருப்பேன். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள், ஹிரகானா என்கிற ஜப்பானிய எழுத்தைப் படித்துவிடுங்கள். மொத்தம் 46 எழுத்து. நம் 247ஐ முடித்தவர்களுக்கு அது என்ன பெரிய விஷயம்? வரிசையும் அ, இ, உ, எ, ஒ, அப்புறம் க, ச, த, ந என்றுதான் போகும். சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள்தான் பயமுறுத்தும், ஆனால் அவர்களுடைய பைபிளில் கான்ஜிக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் ஹிரகானா இருக்கும். பாட்டுப் புத்தகத்தில் ராகக் குறிப்புக்குக் கீழே ஹிரகானாவிலேயே வரிகள் இருக்கும். பொருள் தெரியாவிட்டாலும் பாடிவிடலாம். ராகங்கள் பாதிக்கு மேல் நம் ஞானப்பாட்டில் கேட்டவைதான், எல்லாம் ஒரே ஜெர்மனிக்காரர்கள் கொடுத்ததுதானே. பிரசங்கம் மட்டும் புரியாது. இருபத்தைந்து நிமிடம். நான் தமிழ் பைபிளைத் திறந்து அன்றைய பாடத்தை வாசித்துக்கொண்டிருப்பேன். இவர் சில வாரம் தூங்கினார், மறைப்பானேன்.

எங்களுக்கு ஒரு சறுக்கல் நடந்தது. முதலில் போனது வேறொரு சபை. திருவிருந்து நேரத்தில் ஒருவர் குனிந்து ஏதோ கேட்டார். ஞானஸ்நானம் பெற்றவர்களா என்று கேட்டிருக்கிறார். எங்களுக்குப் புரியவில்லை, சும்மா சிரித்தோம். அவர் மிகவும் மரியாதையாக எங்களைத் தாண்டிப் போய்விட்டார். வீடு வரும் வரை டிராமில் இரண்டு பேரும் பேசவில்லை. ஆகவே "சென்ரெய்" என்ற சொல்லைப் பாடம் பண்ணுங்கள், ஞானஸ்நானம் என்று பொருள். உங்கள் சபைப் போதகர் ஐயரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். நம் திருச்சபையும் ஜப்பான் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனத்தில் உறுப்பு. கடிதத்தில் அந்த ஒரு வரி இருந்தால் போதும்.

ராஜன் அண்ணன் தவம் என்கிறார். முதல் மூன்று மாதம் தவம்தான், நானே ஒத்துக்கொள்கிறேன். மொழியைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. எல்லாரும் குனிந்து வணங்குவார்கள், ஆனால் யாரும் "வீட்டுக்கு வாங்க" என்று சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் புது ஆள் வந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் ஜாதகமே எழுதிவிடுவோம். அங்கே நாங்கள் விருந்தாளியாகவே இருந்தோம். அது மாறியது ஆலயத்தில் இல்லை, சமையலறையில்.

ஆராதனைக்குப் பிறகு எல்லாருமாகச் சாப்பிடுவார்கள், பல வாரம் கறி சாதம். நம் குழம்பு இல்லை, கொஞ்சம் இனிப்பாக, கொழகொழவென்று இருக்கும். நாலாவது மாதம் நான் கேட்காமலே உள்ளே போய்க் கத்தியை எடுத்தேன். இந்தியப் பெண் கறிக்கு வந்துவிட்டாள் என்று ஒரே சந்தோஷம். கேரட்டை வட்ட வட்டமாக நறுக்கினேன். எண்பத்தாறு வயதுப் பாட்டி ஒருவர் என் கையிலிருந்து கேரட்டை வாங்கினார். பலகையில் வைத்து ஒரு சாய்வு வெட்டு, கால் சுற்று உருட்டல், மறுபடி ஒரு சாய்வு வெட்டு. ஒவ்வொரு துண்டும் கோணல்மாணலாக, ஆனால் ஒரே அளவு. வெட்டுப்பட்ட பக்கங்கள் அதிகமாக இருந்தால் சாறு உள்ளே இறங்குமாம். திருப்பிக் கொடுத்தார், நான் வெட்டினேன், தலையை ஆட்டினார். மறுபடி வெட்டினேன். அன்றைக்கு ஏழு கேரட். அடுத்த வாரம் என் பெயர் எழுதிய ஏப்ரன் ஆணியில் தொங்கியது.

போதகரை "சென்செய்" என்று கூப்பிடுங்கள். எங்கள் சென்செய் இரண்டு சபைகளைப் பார்த்தார், அவர் வராத ஞாயிறு மூப்பர் ஒருவர் நடத்துவார். குருசேகரத்தில் ஐயர் வராத வாரம் உபதேசியார் நடத்துகிற மாதிரிதான், இவருக்கு அது பழக்கம். செருப்பும் அப்படியே. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும் என்றதும் "பொறையாருக்கே வந்துட்டோம்" என்றார்.

நீங்கள் எத்தனையாவது தலைமுறைக் கிறிஸ்தவர் என்று கட்டாயம் கேட்பார்கள். அவர்களில் பலர் குடும்பத்தில் முதல் ஆள். இவர் வீட்டில் சீகன்பால்க் ஐயர் காலத்திலிருந்து என்று சொல்வார்கள். 1706இல் அவர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், புது எருசலேம் ஆலயம் 1718. இவர் அதைச் சொன்னதும் மூப்பர் கணக்குப் போட்டார். அந்தக் காலத்தில் ஜப்பானில் கிறிஸ்தவ மதத்துக்குத் தடை. 1614இல் நாடு முழுக்கத் தடை போட்டு, 1873இல்தான் அறிவிப்புப் பலகைகளை எடுத்தார்கள். அடுத்த மாதம் அவரே எங்களைக் காரில் அமகுசாவுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே சாக்கிட்சு என்ற மீனவக் கிராமம், 2018இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஒளிந்திருந்த கிறிஸ்தவர்கள் சிப்பிக்குள் தெரிகிற கோலத்தை மாதாவாக நினைத்து வைத்திருந்தார்களாம். இயேசு, மரியாள் உருவத்தை மிதிக்கச் சொல்லி ஆட்களைச் சோதித்த இடத்தில்தான் இப்போதைய கத்தோலிக்கக் கோயில் நிற்கிறது. உள்ளே நாற்காலி இல்லை, தரை முழுக்கப் பாய். இவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இன்னொன்று. சீர்திருத்தத் திருநாளில் லுத்தர் ஐயரின் 46ஆம் சங்கீதப் பாட்டைப் பாடுவார்கள். நம் அரண், கோட்டை என்று வருகிற இடத்தில் அவர்களுக்கு "யாகுரா". கோட்டைச் சுவர் மேல் நிற்கிற காவல் மாடம். 2016 ஏப்ரல் நிலநடுக்கத்தில் குமமோட்டோ கோட்டையில் ஒரு யாகுராவுக்குக் கீழே மதில் சரிந்து, மூலையில் ஒற்றை வரிசைக் கற்கள் மட்டும் அதைத் தாங்கி நின்றன. படத்தைத் தேடிப் பாருங்கள், நம்ப மாட்டீர்கள். கேரட் பாட்டி அந்த இரவைக் காருக்குள் கழித்தவர். அந்தச் சொல் வரும்போது அவர் மட்டும் புத்தகத்தைப் பார்க்க மாட்டார்.

யூடியூபும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே நேரம் மூன்றரை மணி முன்னால். பத்தரை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தால், நம்மூர் எட்டரை ஆராதனையை மதியம் பன்னிரண்டுக்குப் பார்த்துவிடலாம். ஆனால் போன் உங்களுக்குக் கேரட் வெட்டக் கற்றுக்கொடுக்காது.

கிருஷ்ணகிரி_பையன்:

அக்கா சொன்னதோடு ஒன்று. ஜப்பானில் லுத்தரன் என்றால் ஒரே சபை இல்லை. அக்கா சொல்வது ஜப்பான் சுவிசேஷ லுத்தரன். எங்களைப் போல ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் சபை) ஆட்களுக்கு நெருக்கம் அமெரிக்காவின் மிசௌரி மிஷன் 1948இல் தொடங்கிய இன்னொரு சபை, "நிஹோன் ரூத்தெரு க்யோதான்" என்று போட்டிருக்கும். ஒசாகா பக்கம் நார்வே மிஷன் வழி வந்த கின்கி சபை தனி. போர்டில் ரூத்தெரு என்று பார்த்ததும் நுழைந்துவிடாமல், யாருக்குக் கடிதம் எழுதுகிறோம் என்று பார்த்து எழுதுங்கள்.

கம்மனஹள்ளிக்காரன்:

அக்கா, மிகவும் நன்றி. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு முறை வாசித்துவிட்டாள். கிறிஸ்துமஸ், கல்லறைத் திருநாள் எல்லாம் எப்படி என்று கேட்கச் சொல்கிறாள்.

பொறையார்_மருமகள்:

கிறிஸ்துமஸ் சப்பென்றுதான் இருக்கும், சொல்லிவிடுகிறேன். 25ஆம் தேதி விடுமுறை கிடையாது. 24 ராத்திரி மெழுகுவர்த்தி ஆராதனை நடக்கும், அன்றைக்கு மட்டும் அக்கம்பக்கத்தார் வந்து ஆலயம் நிறையும். மறுநாள் காலை இவர் ஆலைக்குப் போய்விட்டார். நான் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, உள்ளே தெர்மல், மேலே கோட்டு, தனியாகக் கேக் வெட்டினேன். அறுப்பின் பண்டிகை ஏலம் மாதிரி இலையுதிர் காலத்தில் ஒரு பஜார் உண்டு, ஆனால் விலை ஏற்றிக் கேட்க ஆள் இல்லை, ஒட்டியிருக்கிற விலைதான்.

கல்லறைத் திருநாளுக்கு என்ன செய்வார்கள் என்று எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அங்கே எல்லாரையும் எரிப்பதுதான் வழக்கம், நம்மைப் போல ஆளுக்கொரு கல்லறை இல்லை. நவம்பர் முதல் ஞாயிறு சபையில் இறந்தவர்களின் படங்களை எல்லாம் எடுத்து வந்து பீடத்துக்கு முன்னால் மேசையில் வரிசையாக வைப்பார்கள். 2023 ஆகஸ்டில் என் மாமனார் தவறிவிட்டார். இவருக்கு டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அக்டோபர் கடைசியில் பாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா படம் இருக்கிறதா" என்று கேட்டார். போனில் இருந்ததை அச்சுப்போட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். கிமோனோ போட்ட இரண்டு பாட்டிகளுக்கு நடுவில் அரைக்கைச் சட்டையோடு மாமனார். சென்செய் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். மாமனார் பெயர் "அருள்" என்று முடியும். ஆராதனைக்கு முன்பே இவரை வெளியே கூப்பிட்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார். அப்படியும் வாசிக்கும்போது "அருரு" என்றுதான் வந்தது. இவர் அதுவரை அழாமல் இருந்தவர்.

கம்மனஹள்ளிக்காரன்:

அக்கா, ஹிரகானா புத்தகம் உங்களிடம் இருக்கிறதா? ஞாயிறு வந்து வாங்கிக்கொள்ளலாமா?

பொறையார்_மருமகள்:

இருக்கிறது, பக்கமெல்லாம் இவருடைய பென்சில் கிறுக்கல், பரவாயில்லையா? பதினொன்றுக்கு மேல் வாருங்கள், அதற்கு முன் கோயிலில் இருப்போம். வருகிற வழியில் கால் கிலோ கேரட் வாங்கிக்கொண்டு வாருங்கள்.