‘மொழிவரவு’: குழந்தையின் முதல் மொழிக்கு ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

குழந்தை தன் முதல் மொழியை அடைகிற நிகழ்வுக்குத் தமிழில் எந்தச் சொல்லை நிலைப்படுத்தலாம் என்ற உரையாடலில் இதுவரை ‘மொழி கற்றல்’, ‘மொழி ஈட்டல்’, ‘மொழிப்பேறு’ ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. இம்மூன்றையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நான்காவதாக ‘மொழிவரவு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். நான் குப்பம் பகுதியில், பேச்சு தாமதமாகும் குழந்தைகளோடு பணியாற்றுபவள். ஆந்திரத்தின் இந்தத் தென்மேற்கு மூலையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்குகின்றன. 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் அமைந்ததும் இந்த முச்சந்தியில்தான். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு சிறு கையேட்டை எழுதிவருகிறோம். அதன் முதல் பக்கத்திலேயே இந்தச் சொல் தேவைப்படுவதால், முடிவைத் தள்ளிப்போட எனக்கு வழியில்லை.

முதலில் மக்கள் வழக்கைப் பார்ப்போம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் எந்தத் தாயும் ‘இவன் இன்னும் பேசக் கற்கவில்லை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘இவனுக்கு இன்னும் பேச்சு வரலைங்க’ என்றுதான் சொல்கிறார்கள். தெலுங்குத் தாய்மாரும் ‘மாட்டலு ராலேது’ என்று அதே பொருளில், அதே வினையைக் கொண்டுதான் சொல்கிறார்கள். வளர்ந்தவர்களும் ‘எனக்குத் தெலுங்கு வராது’ என்கிறார்களே தவிர, ‘நான் தெலுங்கை ஈட்டவில்லை’ என்பதில்லை. இந்த வாக்கியங்களில் மொழி எழுவாயாக நிற்கிறது. ஆள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். பசியும் தூக்கமும் கோபமும் நினைவும் நமக்கு வருவதைச் சொல்லும் அதே அமைப்பு இது. நம் இலக்கணத்துக்குள்ளேயே ஆயத்தமாக இருக்கும் ஒரு பார்வையை விட்டுவிட்டு, ‘language acquisition’ என்ற ஆங்கிலக் கலைச்சொல்லை எதிரில் வைத்துக்கொண்டு ஏன் தேட வேண்டும் என்பதே என் முதல் கேள்வி.

‘மொழி கற்றல்’ என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் நடப்பதற்கு அச்சொல் தேவை. மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் இரண்டாம் மொழி பற்றிய தம் கோட்பாட்டில், அறிந்து கற்பதையும் அறியாமலே அடைவதையும் பிரித்தே வைத்தார். அந்தப் பிரிவினையைத் தமிழில் எழுத வேண்டுமானால் இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்றை இரண்டு இடத்திலும் போட முடியாது.

‘மொழிப்பேறு’ ஓசையில் அழகான சொல். ஆயினும் பேறு என்றதும் மகப்பேறும் பேறுகாலமும் பதினாறு பேறுகளும் நினைவுக்கு வருகின்றன. கொடுத்து வைத்தவருக்குக் கிடைப்பது, முழுதாக ஒரே முறையில் கிடைப்பது என்ற தொனி அதில் உண்டு. மொழித்திறன் சூழலின் ஊக்குவிப்பால் படியும் பழக்கமா, மனித மனத்தில் பிறவியிலேயே அமைந்த ஒன்றா என்பதைப் பற்றி, உளவியலாளர் ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட நூலும் அதற்கு மொழியியலாளர் சோம்ஸ்கி 1959இல் எழுதிய மதிப்புரையும் தொடங்கிவைத்த வாதம் இன்னும் வேறு வேறு வடிவங்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ‘பேறு’ என்று பெயரிட்டால் அந்த வாதத்தில் நாம் ஒரு பக்கம் போய் நின்றவர்களாவோம். ‘ஈட்டல்’ என்றால் மறுபக்கம். கலைச்சொல் வாதத்துக்கு இடம் கொடுக்க வேண்டும், தீர்ப்புச் சொல்லக் கூடாது.

‘ஈட்டல்’ என்ற சொல்லை ஆதரித்து எழுதிய நண்பரின் வாதம்தான் மூன்றிலும் வலுவானது. அதற்கு விரிவாகவே மறுமொழி சொல்ல வேண்டும். குழந்தை சும்மா இருக்கவில்லை, உழைக்கிறது, ஆகவே ஈட்டுகிறது என்கிறார் அவர். உழைக்கிறது என்பதில் எனக்கு மாறுபாடு கிடையாது. இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்தி என் முன்னால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ‘நான் இங்க நிக்குனேன்’ என்றாள். ‘நின்னேன்னு சொல்லுடா கண்ணு’ என்று தாய் திருத்தினார். சிறுமி ‘நின்னேன்’ என்று ஒருமுறை அப்படியே சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே ‘நான் நிக்குனேன், அப்புறம் தூங்குனேன்’ என்று தொடர்ந்தாள். ‘நிக்குனேன்’ என்று அந்த வீட்டில் எவரும் சொல்வதில்லை. ‘தூங்குறேன்’ என்பதற்குத் ‘தூங்குனேன்’ இருப்பதைக் கண்டு, ‘நிக்குறேன்’ என்பதற்கு அவளே அமைத்துக்கொண்ட இறந்தகாலம் அது. கேட்டதைத் திருப்பிச் சொல்வதாக மட்டும் மொழி இருந்தால் இப்படி ஒரு வடிவம் பிறக்கவே முடியாது. 1958இல் ஜீன் பெர்கோ ஆங்கிலக் குழந்தைகளிடம் இல்லாத சொற்களைக் கொடுத்துப் பன்மை கேட்டபோது, அவர்கள் கேட்டறியாத சொல்லுக்கும் சரியான விகுதியைச் சேர்த்தார்கள். அதுவும் இதே ஆற்றல்தான். தமிழ்க் குழந்தைகள் இரண்டு வயதளவிலேயே விகுதிகளைப் பொருளறிந்து சேர்க்கத் தொடங்கிவிடுவதை 1989இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது.

ஆனால் அந்தச் சிறுமிக்குத் தான் ஒரு விதியைக் கண்டுபிடித்தது தெரியாது. தாய் திருத்தியதும் அவளுக்குள் போய்ச் சேரவில்லை; சில மாதங்களில் ‘நின்னேன்’ தானாக வந்தது. ஈட்டுபவருக்கு ஈட்டுகிறோம் என்பது தெரியும். பொருள் ஈட்டுவதும் புகழ் ஈட்டுவதும் நோக்கம் உள்ள செயல்கள். நோக்கம் இல்லாத உழைப்புக்கு அந்த வினை பொருந்தவில்லை. ஈட்டுதல் என்று பொருள்படும் ‘அர்ஜனம்’ என்ற வடமொழிச் சொல்லைக் கொண்டு இந்தியில் இதற்குப் பெயர் அமைத்திருக்கிறார்கள் என்பது நமக்குக் கட்டாயம் ஆகாது.

‘செந்தமிழும் நாப்பழக்கம் அல்லவா, வரவு என்றால் பழக்கத்துக்கு அதில் இடமில்லையே’ என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தமிழில் வருதல் என்ற வினை பழக்கத்தை மறுப்பதே இல்லை. ‘அவளுக்கு வீணை நன்றாக வரும்’ என்று நாம் சொல்வது ஆண்டுக்கணக்கில் சாதகம் செய்தவளைப் பற்றித்தான். எவ்வளவு பழகினாலும் கடைசியில் அது தன்வயமாக வந்து நிற்கிற நிலையை அந்த வினை குறிக்கிறது. உழைப்பு அதற்குள் அடங்கியிருக்கிறது. உழைப்பவரின் திட்டம் மட்டுமே விலக்கப்படுகிறது.

‘வரவு’ என்ற சொல்லுக்கு இன்னொரு தகுதியும் உண்டு. அதை மிக முக்கியமானதாக நான் கருதுகிறேன். ஒன்று வருகிறது என்றால் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி கூடவே எழுகிறது. பேறும் ஈட்டலும் அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. மொழி மனிதர்களிடமிருந்து வருகிறது. பிறந்து மூன்று நாளுக்குள் இருக்கும் சிசுக்கள் தாயின் குரல் கேட்பதற்காகச் சூப்பும் வேகத்தை மாற்றிக்கொள்வதை 1980இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். கருப்பையிலேயே அந்தக் குரல் வந்து சேர்ந்திருக்கிறது. எட்டு மாதக் குழந்தைகள், இடைவெளியே இல்லாமல் ஒலிக்கும் அசைத்தொடரை இரண்டு நிமிடம் கேட்டவுடன், எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதைக் கொண்டு சொல்லெல்லையைப் பிரித்துணர்ந்ததாக 1996இல் சாஃப்ரனும் உடன் ஆய்வாளர்களும் எழுதினார்கள். இத்தனை கூர்மையான செவி இருந்தும், பெட்டியிலிருந்து வரும் மொழி அதற்குள் ஏறுவதில்லை. பட்ரீசியா குல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுவோர் நேரில் அமர்ந்து விளையாடியபோது அம்மொழியின் ஒலி வேறுபாடுகளை அக்குழந்தைகள் உணர்ந்தார்கள். அதே ஆட்களை, அதே பேச்சைக் காணொளியாகவும் ஒலிப்பதிவாகவும் கொடுத்தபோது எதுவும் நடக்கவில்லை. தோட்ட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் போகும் பெற்றோர், குழந்தை அழாமல் இருக்கட்டும் என்று கைப்பேசியில் பாட்டைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, ‘நாள் முழுக்கப் பேச்சைக் கேட்டுட்டுத்தாங்க இருக்கான், இருந்தும் பேச்சு வரலை’ என்று வருந்தும்போது, ‘யாரிடமிருந்து வரணும்?’ என்று நான் கேட்க முடிகிறது. கேட்டவுடன் அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. அந்த உரையாடலைத் தொடங்கித் தரும் சொல்லே கையேட்டின் தலைப்பிலும் இருக்க வேண்டும்.

இனி, ‘பேச்சுவரவு’ என்று வழக்கை ஒட்டியே வைக்காமல் ‘மொழிவரவு’ என்று ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கலாம். நானும் முதலில் ‘பேச்சுவரவு’ என்றே எண்ணினேன். இரண்டு காரணங்கள் என்னைத் திருப்பின. ‘எல்லாம் புரியுது, பேச்சுதான் வரலை’ என்று சொல்லும் பெற்றோர் பலர். ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள்ளேயே குழந்தைகள் சில உணவுப் பெயர்களையும் உறுப்புப் பெயர்களையும் அறிந்திருப்பதை 2012இல் பெர்கெல்சனும் ஸ்விங்லியும் காட்டினார்கள். வாயிலிருந்து ஒரு சொல்லும் வராத அந்த நாட்களில் மொழி வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பகுதியைப் ‘பேச்சு’ என்ற சொல் வெளியே தள்ளிவிடும். இரண்டாவது காரணம் செவித்திறன் இல்லாத குழந்தைகள். அவர்களும் தொடக்க மாதங்களில் ‘ங்கா’, ‘ங்கு’ என்று ஒலி எழுப்புவதால் வீட்டில் ஐயம் எழுவதில்லை. ‘பபபப’, ‘தததத’ என்று அசையடுக்கிப் பேசும் பருவம் அவர்களுக்கு மிகவும் தாமதிக்கிறது. சிலருக்கு வருவதே இல்லை. ஆனால் சைகைமொழி பேசும் பெற்றோருக்குப் பிறந்த அத்தகைய குழந்தைகள், அதே பருவத்தில் கைவிரல்களால் மழலை பேசுவதைப் பெட்டிட்டோவும் மாரன்டெட்டும் 1991இல் பதிவுசெய்தார்கள். அக்குழந்தைகளுக்கு வருவதும் முழுமையான மொழியே. அவர்களை வெளியே நிறுத்துகிற ஒரு கலைச்சொல்லை நான் கையேட்டில் எழுத மாட்டேன்.

‘வருகை’, ‘வரத்து’ ஆகியவற்றையும் எண்ணிப் பார்த்தேன். வருகை என்றால் பிள்ளைத்தமிழின் வருகைப் பருவமும் பள்ளியின் வருகைப் பதிவேடும் குறுக்கிடுகின்றன. வரத்து என்ற சொல்லில், ஏரிக்கு நீர் சேர்வதுபோல் சிறுகச் சிறுகச் சேரும் பொருள் நன்றாக இருக்கிறது. ஆயினும் எங்கள் பக்கம் அச்சொல்லைக் கேட்டவுடன் சந்தையின் தக்காளி வரத்துதான் எல்லோர் நினைவிலும் எழும். ‘வரவு’ என்பதற்குக் கணக்கேட்டுப் பொருள் இருக்கிறதே என்றால், இருக்கட்டும், அது தீங்கில்லாதது. வரவின் மறுபக்கத்தில் செலவும் உண்டு என்பதைக்கூட அது நினைவூட்டும். ஆறு முதல் எட்டு மாதத்தில் ஆங்கிலச் சூழல் குழந்தைகளுக்கு இந்தியின் தகரத்துக்கும் டகரத்துக்கும் உள்ள வேறுபாடு கேட்கிறது. ஓராண்டு நிறைவதற்குள் அது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது என்று ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் கண்டார்கள். தமிழில் பாட்டிக்கும் பாத்திக்கும் இடையேயும், அதுபோலத் தெலுங்கிலும் அன்றாடம் தேவைப்படும் அந்த வேறுபாடு நம் குழந்தைகளிடம் நிலைத்துவிடுகிறது.

கலைச்சொல்லுக்குக் கிளைக்கும் வலிமையும் வேண்டும். மொழிவரவுப் பருவம், மொழிவரவுத் தாமதம், மொழிவரவு ஆய்வு என்பன இடறலின்றி அமைகின்றன. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் முதல் கணினியை உருவாக்கிய ஆர். நரசிம்மன், பின்னாளில் வைத்தியநாதனோடு சேர்ந்து ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சை ஒன்பதாம் மாதம் முதல் முப்பத்து மூன்றாம் மாதம் வரை பதிவுசெய்து ஆராய்ந்தார். அதை ‘மொழிவரவுப் பதிவு’ என்று இரண்டே சொற்களில் குறிப்பிட்டுவிடலாம். எல்லைப்பகுதிக்கு மிகவும் தேவையான கிளை ‘இருமொழிவரவு’. பிறந்தது முதல் வீட்டில் தமிழும் திண்ணையில் தெலுங்குமாக வளரும் குழந்தைக்கு இரண்டுமே முதல் மொழிகள். ‘நீள்ளுல போட்டேன்’ என்று அது சொன்னால், தெலுங்கின் தண்ணீரோடு தமிழின் ஏழாம் வேற்றுமை உருபைச் சேர்த்திருக்கிறது. அது குழப்பம் ஆகாது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே எண்ணினால் சொற்கள் குறைவாகத் தோன்றலாம், இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். இது தெரியாமல், இப்பகுதியின் ஒரு மழலையர் பள்ளியில் ‘வீட்டில் தமிழை நிறுத்துங்கள்’ என்று அறிவுரை சொன்னார்கள். அதைக் கேட்ட குடும்பத்தில், தெலுங்கு சரளமாக வராத பாட்டி பேரனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். வரவின் வழி ஒன்று அங்கே அடைபட்டது. கையேட்டில் ‘இருமொழிவரவு’ என்று தனித் தலைப்பிட்டு, இரண்டு வழியையும் திறந்து வையுங்கள் என்று எழுதியிருக்கிறேன்.

வினைவடிவில் ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. ‘குழந்தைக்கு மொழி வருகிறது’ என்பது இயல்பாக நிற்கிறது. ஆனால் ‘மொழி வரப்பெற்ற குழந்தை’ என்ற பெயரெச்சம் சற்றே இறுக்கமாக இருக்கிறது. இதற்கு மேலான வடிவம் எவருக்கேனும் தோன்றினால் எழுத வேண்டுகிறேன். கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம், தேவிகுளம் பக்கத்து நண்பர்கள் தங்கள் ஊர்த் தமிழில் ‘பேச்சு வந்தது’ என்ற வழக்கு உண்டா, வேறு ஏதேனும் சொல்கிறார்களா என்பதையும் தெரிவித்தால், கையேட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன் சேர்த்துக்கொள்வேன்.