விளிம்பில் ஒரு சுட்டுவிரல்: என் வாஷிங்டன் பதக்கம் எந்தக் காலத்தது?

கேட்டவர்: சேந்த்-ஆந்த்ரே, ரெயூனியன்

வணக்கம். போன மாதம் சேன்-பியேரில் பழைய சாமான் விற்ற இடத்தில் ஒரு செம்புப் பதக்கம் வாங்கினேன். உள்ளங்கையை நிரப்புகிறது, குறுக்களவு 68 மி.மீ. ஒரு பக்கம் வாஷிங்டன் முகம். மறுபக்கம் அதிகாரிகளோடு குதிரைமேல் இருக்கிறார், தூரத்தில் கப்பல்கள். கீழே ரோமன் எண்ணில் 1776. அந்த வருஷமே அடித்தது என்று சொல்லி 90 யூரோ வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து விளிம்பைப் பார்த்தால், விரல் நீட்டிய பொடிக் கை ஒன்று, பக்கத்தில் 'க்யூவ்ர்', அதாவது பிரெஞ்சில் செம்பு, என்ற எழுத்து. அமெரிக்கப் பதக்கத்தில் பிரெஞ்சு எப்படி வந்தது? குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்க்கிறேன் என்கிறார் அம்மா. இன்னும் கொடுக்கவில்லை.

பதில்: சேன்-தெனி

கொடுக்காதீங்க தம்பி! அந்தப் பழுப்பு நிறம் ஒருமுறை போனால் போனதுதான். மெத்தென்ற பருத்தித் துணி போதும்.

1776 என்பது நிகழ்ச்சியின் வருஷம். மார்ச் 17 அன்று ஆங்கிலேயப் படை பாஸ்டனை விட்டுக் கப்பலேறியது. 25ஆம் தேதியே வாஷிங்டனுக்குத் தங்கப் பதக்கம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானித்தது. ஆனால் அச்சு வெட்டியவர் பாரிசில் இருந்த துவிவியே. தங்கப் பதக்கம் வாஷிங்டன் கைக்கு வந்தபோது 1790 ஆகிவிட்டது. பாரிஸ் நாணயச்சாலை பிற்பாடும் இதை அடித்தது. அங்கே 1832 முதல் விளிம்பில் குறி போடுவார்கள்: விளக்கு, நங்கூரம், கப்பல் முகப்பு, கை, தேனீ என்று மாறிக்கொண்டே வரும். கை என்றால் 1845–1860. உங்களுடையது மறு அச்சு, ஆனால் போலி இல்லை. நானாக இருந்தால் 90 யூரோவுக்கு வருத்தப்பட மாட்டேன்.

பதில்: ரோஸ் ஹில், மொரிஷியஸ்

அடுத்து, அதே காலத்துப் பிரெஞ்சுப் பதக்கச் சிற்பி தூப்ரே வெட்டியவற்றைத் தேடுங்கள். அமெரிக்க விடுதலைக்கான 'லிபர்டாஸ் அமெரிக்கானா' பதக்கத்தில் குழந்தை ஹெர்குலிஸ் இரண்டு பாம்புகளை நெரிக்கிறான். பாம்புகள், ஆங்கிலேயரை அமெரிக்கர் வென்ற சரடோகா, யார்க்டவுன் வெற்றிகளைக் குறிக்கும். அதே தூப்ரே 1784இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனுக்கும் ஒரு பதக்கம் செய்தார். அமெரிக்க விடுதலைப் போர் நம் கடலுக்கும் வந்ததே, 1781 கடைசியில் சுஃப்ரன் இங்கிருந்துதான் இந்தியாவுக்குப் பாய் விரித்தார். பதக்கத்தின் பின்புற எழுத்தில் திருகோணமலை பிடிபட்டது, 'கோந்தலூர்' மீண்டது என்று வரும். கோந்தலூர் நம்ம கடலூர்தான். என் பாட்டனார் கப்பலேறி வந்த ஊர்.

கேட்டவர்

நன்றி ஐயா. துணியில் சுற்றிவிட்டேன். அந்தச் சுஃப்ரன் பதக்கம் மொரிஷியஸில் கண்ணில் பட்டால் எழுதுங்கள், விமானம் ஏறி வந்தாவது பார்க்கிறேன்.