'தி லேடி ஈவ்' (1941): மாறுவேஷமே போடாம வந்தவளை அவன் எப்படி நம்புறான்?

நிழல்திரை (கேள்வி)
20 நிமிஷக் குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதிட்டிருக்கேன். ஏமாத்துக்காரின்னு தெரிஞ்சு நாயகன் உதறின பொண்ணு, வேற பேர்ல அவன் வீட்டுக்கே விருந்தாளியா வர்றா. படிச்ச எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான்: "மூஞ்சி அதேதானே, அவனுக்குக் கண்ணு தெரியாதா?" பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் இயக்கின இந்தப் படத்துல, கப்பல்ல சீட்டாட்ட மோசடி பண்ற ஜீன் (பார்பரா ஸ்டான்விக்) பின்னால 'லேடி ஈவ்'ங்கிற பேர்ல நாயகன் வீட்டுக்கு ஒரு மச்சம்கூட ஒட்டாம வர்றா, அங்க மட்டும் எப்படி ஒத்துக்கிறோம்? விக், கண்ணாடி மாட்டிவிடலாமா? இன்னொண்ணு, வலை விரிச்சவளுக்கே காதல் வந்துடுச்சுன்னு எந்த இடத்துல காட்டுறது?

கொட்டகை
விக் வேண்டாம். வேஷம் போட்டா, பார்க்கிறவங்க அந்த வேஷம் தேறுதா தேறலையான்னுதான் பார்ப்பாங்க. ஸ்டர்ஜஸ் சந்தேகத்தை மறைக்கவே இல்லை, அதை ஒரு பாத்திரத்துக்கிட்ட கொடுத்துட்டார். நாயகனோட காவலாள் மக்ஸி (வில்லியம் டெமரெஸ்ட்) "இது அதே பொம்பளைதான்"னு விடாம சொல்லிக்கிட்டே இருக்கான். நாம கேக்க வேண்டியதை அவன் கேட்டுடுறான்.

அதுக்கு சார்லஸ் (ஹென்றி ஃபோண்டா) சொல்ற பதில்தான் படத்தோட அச்சாணி. ஏமாத்த வந்தவளா இருந்தா தலைமுடிக்குச் சாயம் அடிச்சிருப்பா, என்னைப் பார்த்ததே இல்லைன்னு சாதிச்சிருப்பா. இவ ரெண்டும் செய்யலை, அதனால இவ வேற ஆள். முட்டாள்தனம்தான், ஆனா படிச்சவனோட முட்டாள்தனம். அமேசான்ல ஒரு வருஷம் பாம்பு ஆராய்ச்சி பண்ணிட்டு வந்தவன், கப்பல் சாப்பாட்டு அறையிலயும் பாம்புப் புத்தகத்துக்குள்ள முகத்தைப் புதைச்சிருக்கிறவன்னு முதல்லயே காட்டிட்டதால அவன் வாயில அது பொருந்துது.

அடுத்தது, அவனுக்கு யோசிக்க நேரமே கொடுக்கறதில்லை. விருந்துல சோபா தடுக்கி விழறான், மேல சாப்பாடு கொட்டுது, திரும்பத் திரும்ப கோட்டு மாத்த ஓடுறான். மானம் போய்க்கிட்டிருக்கிறவன் துப்பறிய மாட்டான். அதுக்கப்புறம்தான் ஜீனோட கூட்டாளியான மோசடிக்காரர் சர் ஆல்ஃப்ரெட் (எரிக் ப்ளோர்) சொல்ற கதை வருது: ஈவோட அம்மாவுக்கும் வண்டிக்காரனுக்கும் பிறந்த ஒரு பொண்ணு உண்டு, அவதான் ஜீன், அதனாலதான் இந்த ஜாடைன்னு. இதைக் குடும்ப ரகசியமா காதுல போடுறதுதான் சாமர்த்தியம். வெளியே பேசக்கூடாத சமாச்சாரத்தை அவன் யார்கிட்டப் போய் விசாரிப்பான்? உங்க ஸ்கிரிப்ட்லயும் விளக்கம் முதல்ல வரக்கூடாது. சந்தேகம், சறுக்கல், அப்புறம் விளக்கம்.

வெள்ளிச்சுருள்
ரெண்டாவது கேள்விக்குச் சீட்டாட்டக் காட்சிகளைப் பாருங்க. ஜீனும் அவங்கப்பா 'கர்னல்' ஹாரிங்டனும் (சார்லஸ் கோபர்ன்) முதல் ராத்திரி அவனை ஜெயிக்க விடுறாங்க, அது தூண்டில் புழு. அடுத்த ஆட்டத்துல அப்பா சீட்டை மாத்த, மகள் அதே கைவேலையால அதை முறிச்சு விடுறா. "நான் இவனைக் காதலிக்கிறேன்"ங்கிற வசனத்தைவிட இது பலமா வேலை செய்யுது, ஏன்னா அவளோட தொழிலே கட்சி மாறிடுச்சு. சார்லஸுக்கு மட்டும் ஒண்ணும் தெரியாது.

அவ கொஞ்ச நேரம் நகர்ந்ததும் அப்பா 32,000 டாலரைக் கறந்துடுறார். மகள் வந்து சண்டை போட்டதும் காசோலையைக் கிழிக்கிறார். கிழிச்ச மாதிரி காட்டி உள்ளங்கையில ஒளிச்சுட்டார்ங்கிறது பின்னால தெரியும். இதுல கவனிக்க வேண்டியது வரிசை. மோசடி எப்படி நடக்குதுன்னு பார்க்கிறவங்களுக்கு ஒருதரம் தெளிவாக் காட்டிட்டாத்தான், அது தலைகீழாத் திரும்பும்போது வசனமில்லாமப் புரியும். திரும்பின பிறகு விளக்கினா காட்சி செத்துடும்.

கொட்டகை
அதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. கப்பல் அதிகாரி ஜீன் கும்பலோட போட்டோவைக் காட்டி உண்மையைச் சொன்னதும், சார்லஸ் ஜீன்கிட்ட "எனக்கு ஆரம்பத்துலயே தெரியும்"னு பொய் சொல்றான். அந்தப் பொய் இல்லைன்னா அவ பழிவாங்கறது வெறும் வன்மமாயிடும். அவளே சொல்லிடலாம்னு இருந்தா, அவனோ கௌரவத்துக்காக அவளை இன்னும் கேவலப்படுத்திட்டான்.

மாலைக்காட்சி
எனக்கு இதுல ஒரு எச்சரிக்கை உண்டு. தேனிலவு ரயில்ல ஈவ் தன் பழைய ஆண்களை ஒவ்வொரு பேரா அவிழ்த்து விடுற காட்சி எல்லாருக்கும் பிடிக்கும், ஆனா 94 நிமிஷப் படத்துலதான் அதுக்கு இடம். அதுக்கான அடித்தளம் வேற இடத்துல இருக்கு: குதிரை பக்கத்துல நின்னு தலையை நுழைச்சுக்கிட்டே இருக்க, கப்பல்ல ஜீன்கிட்ட உருகின அதே வசனத்தை சார்லஸ் ஈவ்கிட்டயும் ஒப்பிக்கிறான். அதைப் பார்த்தப்புறம்தான் ரயில்ல அவன் படுற பாடு நியாயமாத் தெரியுது. 20 நிமிஷத்துல ரெண்டையும் வைக்க முடியாது. குதிரைக் காட்சிக்குச் சமமான ஒண்ணை வைங்க, ரயிலை விடுங்க.

முடிவையும் கவனிங்க. விவாகரத்துக்கு வக்கீல்கள் காசை நீட்டுறாங்க, அவ வாங்க மறுத்துட்டு மறுபடி கப்பல்ல ஜீனா வந்து, முதல்ல செஞ்ச மாதிரியே காலை நீட்டி அவனைத் தடுக்கி விழ வைக்கிறா. அவன் "எனக்குக் கல்யாணமாயிடுச்சு"ங்கிறான், அவ "எனக்கும்தான்"ங்கிறா. தணிக்கை கெடுபிடியா இருந்த காலத்துல இது போனதுக்குக் காரணம், ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டிதான். அது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

நிழல்திரை
மக்ஸி மாதிரி ஒரு ஆளைச் சேர்க்கிறேன், விக்கை எடுத்துட்டேன். நாயகிக்கு மனசு மாறுறதுக்கு முன்னாடி நெருக்கமா ஒரு காட்சி வேணுமா?

வெள்ளிச்சுருள்
வேணும். கேபின்ல ஜீன் சாய்ஞ்சு கிடந்து, தரையில உட்கார்ந்திருக்கிறவனோட தலைமுடியைக் கோதிக்கிட்டே பேசுற ஷாட், வெட்டே இல்லாம ஏறக்குறைய நாலு நிமிஷம் ஓடும். கேமரா ரெண்டு முகத்தையும் ஒரே ஃப்ரேம்ல வச்சிருக்கும். உங்களுக்கு ஒன்றரை நிமிஷம் போதும். முகத்துக்கு முகம் மாத்தி வெட்டாதீங்க. வெட்டினா அவ நடிக்கிறாளா, நிஜமாவே இளகுறாளாங்கிற சந்தேகம் எடிட்டிங்ல போயிடும். நடிகைகிட்ட "நீ இவனை வளைக்கிற"ன்னு மட்டும் சொல்லி நடிக்க விடுங்க. ஷாட்டோட பாதிக்கு மேல பேச்சைக் குறைச்சு, கை மட்டும் வேலையைத் தொடரட்டும்.