கிளேசியர் தேசியப் பூங்கா: கரடி, பனியாறு, ஏரி – போய்வந்தவர்கள் சொல்வது

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் இருக்கும் கிளேசியருக்குக் கிளம்புகிறவர்கள் எடுத்ததும் ஹோட்டல் தேடுகிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது சாலை. மேற்கே வெஸ்ட் கிளேசியரில் தொடங்கி கிழக்கே செயின்ட் மேரி வரை போகும் கோயிங் டு த சன் ரோடு 80 கி.மீ. நீளம். அதன் உச்சி லோகன் பாஸ் என்ற கணவாய், 2,026 மீட்டர். முழுச் சாலையும் திறப்பது பெரும்பாலும் ஜூன் கடைசிக்கும் ஜூலை நடுவுக்கும் இடையில் என்றைக்கோ ஒரு நாள். லோகன் பாஸுக்குக் கொஞ்சம் கிழக்கே பிக் டிரிஃப்ட் என்ற இடத்தில் காற்று கொண்டுவந்து குவிக்கும் பனி 24 மீட்டர் வரை ஏறும். அதை வெட்டி, பாறை விழுந்த இடங்களைச் சுத்தம் செய்து, பனிச்சரிவுக்குப் பயந்து கழற்றி வைத்த மரத் தடுப்புகளை மறுபடி மாட்டிய பிறகுதான் வண்டியை விடுவார்கள். ஜூன் நடுவில் டிக்கெட் எடுத்தால் லோகன் பாஸைப் பார்க்காமலே திரும்ப நேரலாம். அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஜூலை 15-க்குப் பிறகு நாள் குறியுங்கள்.

பெரிய வேன், ஆர்வி (தங்கும் வசதியுள்ள வண்டி) எடுப்பவர்கள் அளவைப் பாருங்கள். அவலாஞ்ச் கேம்ப்பில் இருந்து ரைஸிங் சன் வரை 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. அகலத்தில் இரண்டு பக்கக் கண்ணாடியும் சேர்த்தி. வாடகைக்குத் தருபவர்கள் கண்ணாடியை விட்டுவிட்டுத்தான் அகலம் சொல்கிறார்கள், டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

கோடையில் லோகன் பாஸ் பார்க்கிங் விடியும்போதே நிரம்பிவிடும். காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி வருவதில் அர்த்தமில்லை. பூங்காவின் ஷட்டில் பஸ்ஸில் ஏறுங்கள், அல்லது மாலை ஐந்துக்கு மேல் போங்கள். அங்கே ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ரிசர்வேஷன், ஷட்டில் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. போன வருஷம் போனவர் சொன்னதை நம்பாமல் பூங்காவின் தளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பூங்காவுக்குள் பெட்ரோல் பங்க் கிடையாது, பெரும்பாலான இடங்களில் சிக்னலும் கிடையாது. மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

* * *

கரடிக்கு என்ன செய்வது என்பதுதான் கிளம்புகிறவர்கள் பலரும் கேட்கும் கேள்வி.

பேர் ஸ்ப்ரே (கரடியை விரட்ட அடிக்கும் கார ஸ்ப்ரே) இல்லாமல் எந்த டிரெயிலிலும் (நடைபாதையிலும்) இறங்காதீர்கள். விமானத்தில் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, செக்-இன் பெட்டியிலும் முடியாது. பூங்காவுக்குப் பக்கத்து ஊரான கலிஸ்பெல்லில் விமானம் விட்டு இறங்கியதும் வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். டப்பாவில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, 'கரடியை விரட்ட' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும், மனிதர் மேல் அடிக்கும் பெப்பர் ஸ்ப்ரே இங்கே உதவாது. இரண்டு, அளவு குறைந்தது 225 கிராம். மூன்று, காலாவதித் தேதி. பழைய டப்பாவில் மருந்து இருக்கும், அதை வெளியே தள்ளும் அழுத்தம் குறைந்திருக்கும். உள்ளே இருப்பது மிளகாயின் காரச்சத்துதான். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் டப்பா வெடிக்கலாம்.

முதுகுப் பையின் பக்கவாட்டுப் பையில் செருகிக்கொண்டு நடக்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். கரடி ஓடி வரும்போது இரண்டு மூன்று விநாடிதான் கையில் இருக்கும், பையைக் கழற்ற நேரம் ஏது? இடுப்பு பெல்ட்டிலோ மார்புப் பட்டையிலோ உறையோடு மாட்டுங்கள். குழுவில் ஒருவரிடம் மட்டும் இருந்தால் போதாது, பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒன்று வேண்டும். கிளம்பும் முன் பார்க்கிங்கிலேயே எடுத்துப் பழகுங்கள்: கையை வை, உருவு, கட்டைவிரலால் பின்னால் இழுத்து க்ளிப்பைக் கழற்று. க்ளிப் புதிதில் இறுக்கமாக இருக்கும், பதற்றத்தில் விரல் வழுக்கும். அதனால் உறையில் இருந்து எடுத்துக் க்ளிப்பில் விரல் வைக்கும் வரை கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தடவை செய்யுங்கள், பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம்.

அடிப்பது எப்படி என்றால், கரடி ஒன்பது பத்து மீட்டருக்குள் வரும்போது, அதன் முகத்துக்குக் கொஞ்சம் கீழே குறிவைத்து, இரண்டு விநாடி விட்டு விட்டு அடிக்க வேண்டும். கீழே குறிவைப்பதற்குக் காரணம், ஸ்ப்ரே மேகமாகி மேலே எழும், கரடி தலையைத் தாழ்த்தி வரும். ஒரு டப்பா மொத்தம் ஏழெட்டு விநாடிதான் வரும். எதிர்க்காற்றில் உங்கள் கண்ணிலும் கொஞ்சம் படும், அதற்காக நிறுத்திவிடக் கூடாது. கொசு மருந்து மாதிரி துணியிலும் டென்டிலும் முன்கூட்டியே தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காய்ந்த மிளகாய் வாசனை கரடியை இழுக்கும், விரட்டாது.

* * *

மேலே சொன்னது கடைசிக் கட்டம். பெரும்பாலான சந்திப்பை அதற்கு முன்னாலேயே தவிர்க்கலாம்.

இங்கே கிரிஸ்லியும் உண்டு, கருங்கரடியும் உண்டு. நிறத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், மான்டானாவில் கருங்கரடிகளில் பலவும் பழுப்பாகவும் செம்பட்டையாகவும் இருக்கும். கிரிஸ்லிக்குத் தோளில் திமில் போல ஒரு மேடு, உள்ளே குழிந்த முகம், சின்ன உருண்டைக் காது. கருங்கரடிக்குத் தோள் சமமாக இருக்கும், நெற்றியில் இருந்து மூக்கு வரை நேர்க்கோடு, காது கொஞ்சம் நீளம்.

தாக்குதல் பெரும்பாலும் திடுக்கிட்ட கரடியிடம் இருந்துதான் வரும். ஆகவே நாம் வருவது அதற்கு முன்பே தெரிய வேண்டும். கடையில் விற்கும் கரடி மணியின் சத்தம் போதாது. மனிதக் குரல் வேண்டும், கைதட்டல் வேண்டும். தமிழில் சத்தமாகப் பேசிக்கொண்டே நடங்கள், நன்றாகவே வேலை செய்யும். வளைவுக்கு முன், ஓடை இரைச்சலுக்குப் பக்கத்தில், எதிர்க்காற்றில், செடி தலைக்கு மேல் வளர்ந்த இடத்தில் குரலைக் கூட்டுங்கள். ஜூலை கடைசி, ஆகஸ்டில் ஹக்கிள்பெர்ரி பழுக்கும். புதரில் தலையை விட்டு மேய்கிற கரடிக்கு நாம் வருவது கேட்காது. அந்த மாதங்களில் டிரெயிலில் ஓடுவது, குழந்தைகளை முன்னால் ஓடவிடுவது இரண்டும் கூடவே கூடாது. நாலு பேருக்கு மேல் சேர்ந்து போவது நல்லது.

கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர், மற்ற விலங்குகளுக்கு 23 மீட்டர், இதுதான் பூங்கா விதிக்கும் தூரம். கரடி உங்களைப் பார்த்துவிட்டால் ஓடாதீர்கள். ஸ்ப்ரேயைக் கையில் எடுத்துக்கொண்டு, தணிந்த குரலில் பேசியபடி, அதன் பக்கம் முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். பாய்ந்து வந்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். பாதி வழியில் திரும்பிவிடும் பொய்ப் பாய்ச்சல்களே அதிகம். ஸ்ப்ரேயையும் தாண்டி கிரிஸ்லி மேலே விழுந்துவிட்டால், பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, கைகளைப் பிடரியில் கோத்து, காலை அகற்றி வைத்து அசையாமல் கிடக்க வேண்டும். அது போன பிறகும் சில நிமிஷம் எழுந்திருக்கக் கூடாது. இரவில் டென்டுக்குள் வரும் கரடியிடமோ, பின்தொடர்ந்து வரும் கரடியிடமோ இது பலிக்காது. அது இரை தேடி வருவது, கையில் கிடைத்ததை வைத்து அதன் மூக்கில் அடித்துப் போராட வேண்டும்.

* * *

அடுத்தது சாப்பாடு, கரடியை நம்மிடம் இழுப்பது அதுதான். 1967 ஆகஸ்ட் 13 அதிகாலையில், கிரானைட் பார்க், ட்ரௌட் லேக் என்ற இரண்டு தனித்தனி இடங்களில், ஒரே இரவில், இரண்டு வெவ்வேறு கிரிஸ்லிகள் இரண்டு இளம்பெண்களைக் கொன்றன. கிரானைட் பார்க் விடுதியின் மிச்சச் சாப்பாட்டைப் பின்னால் கொட்டி, கரடி வந்து தின்பதை விருந்தினர்கள் வேடிக்கை பார்த்த காலம் அது. இன்றைய உணவு விதிகள் எல்லாம் அந்த இரவுக்குப் பின் இறுகியவை.

எலுமிச்சை சாதம், ஊறுகாய், முறுக்கு எல்லாம் தாராளமாகக் கொண்டுபோங்கள், பூங்காவுக்குள் சைவச் சாப்பாடு குறைவு. ஆனால் கேம்ப்பில் தின்று முடித்ததும் பாத்திரம், அடுப்பு, காலி கவர், தண்ணீர் பாட்டில் வரை காருக்குள் வைத்துப் பூட்டுங்கள், அல்லது அங்கே இருக்கும் இரும்புப் பெட்டியில் வையுங்கள். பற்பசை, சன்ஸ்கிரீன், தலைக்கு வைக்கும் எண்ணெய் இவையும் வாசனைப் பொருள்தான், டென்டுக்குள் கூடாது. அரிசி களைந்த தண்ணீரை டென்டுக்குப் பக்கத்தில் ஊற்றாதீர்கள். மனிதச் சாப்பாட்டை ருசி கண்ட கரடியைக் கடைசியில் கொல்லத்தான் வேண்டியிருக்கிறது. நாம் மூடாமல் விட்ட ஒரு டப்பாவுக்கு அது உயிரை விடுகிறது.

* * *

லோகன் பாஸில் இருந்து ஹிடன் லேக் பார்வைமேடை போக வர 4.3 கி.மீ., ஏற்றம் சுமார் 165 மீட்டர். பாதி தூரம் பலகைப் படி. மூட்டுவலி இல்லாத பெரியவர்கள் நிதானமாகப் போய்விடலாம். ஜூலை நடுவிலும் மேல் பாதியில் பனி கிடக்கும், வழுக்காத அடியுள்ள ஷூ வேண்டும். மேடைக்குக் கீழே ஏரி வரை இறங்கும் பாதையைக் கோடைத் தொடக்கத்தில் அடிக்கடி மூடுவார்கள். ஏரி வாயில் மீன்கள் முட்டையிட வரும், அதைப் பிடிக்கக் கரடிகள் வரும்.

மலை ஆட்டை இவ்வளவு அருகில் காண்பதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஜூலையில் குளிர்கால ரோமம் திட்டுத் திட்டாக உரிந்து தோளில் தொங்கும், புதர்களில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டியிருக்கும். சரிவில் குட்டி கீழே உருண்டால் தடுக்கும்படி, குட்டிக்குக் கீழ்ப்பக்கமாக நடக்கும் தாய்களையே பார்க்கலாம். ஆடு நம் அருகே வருவது உப்புக்கு. வியர்வை படிந்த பைப் பட்டையை நக்கும், யாராவது சிறுநீர் கழித்த இடத்து மண்ணைத் தோண்டித் தின்னும். பாதையோரம் ஒதுங்காதீர்கள், கழிப்பறை பார்க்கிங்கிலேயே இருக்கிறது. சாதுவாகத் தெரிந்தாலும் ஆண், பெண் இரண்டுக்கும் கூரான கறுப்புக் கொம்பு உண்டு. 2010-ல் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் ஒரு மலை ஆடு குத்தி ஒருவர் இறந்தார். ஹைலைன் டிரெயிலின் தொடக்கத்தில், கையைப் பிடிக்கக் கம்பி கட்டிய ஒடுங்கிய விளிம்பில் ஆடு எதிரே வந்தால் நீங்கள் திரும்பி நடந்து அகலமான இடத்தில் வழிவிடுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்க வேண்டாம்.

மூஸ் என்ற மிகப் பெரிய மானைப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மெனி கிளேசியர் பக்கம் ஃபிஷர்கேப் ஏரிக்கு விடியற்காலையோ அந்தி நேரமோ போங்கள். ஸ்விஃப்ட்கரன்ட் டிரெயில் தொடக்கத்தில் இருந்து சுமார் அரை கி.மீ.தான். காதைப் பின்னால் மடக்கி, பிடரி மயிர் சிலிர்த்தால் அது கோபத்தில் இருக்கிறது. உடனே ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் போய்விடுங்கள். கரடியிடம் ஓடக்கூடாது, மூஸிடம் ஓடலாம்.

* * *

பனியாறு எங்கே நன்றாகத் தெரியும் என்றால், காரில் இருந்தபடி ஜாக்சன் கிளேசியர் பார்வையிடம். தூரத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, பைனாகுலர் இல்லாவிட்டால் ஏமாற்றமாக இருக்கும். கிட்டே போக வேண்டுமானால் கிரினல் பனியாறுதான்.

மெனி கிளேசியரில் இருந்து முழுவதும் நடந்தால் போக வர சுமார் 17 கி.மீ. ஸ்விஃப்ட்கரன்ட் ஏரியில் ஒரு படகு, நடுவில் சிறு மேட்டை ஏறி இறங்கி ஜோசஃபின் ஏரியில் இன்னொரு படகு என்று போனால் அது 12 கி.மீ. ஆகக் குறையும். ஏற்றம் எப்படியும் 490 மீட்டர் உண்டு. காலை முதல் படகுக்கு டிக்கெட் முன்பே எடுங்கள், திரும்பும் கடைசிப் படகின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், விட்டால் நடைதான். பாதையில் ஓரிடத்தில் அருவி நேரே கற்படிகளின் மேல் விழும், இறங்கும்போது அங்கேதான் வழுக்கும். உச்சிக்கு முன் மரப் பெஞ்சுகளும் கழிப்பறையும் இருக்கும். பலர் அதையே முடிவு என்று நினைத்துத் திரும்பிவிடுகிறார்கள்! அதற்கு மேல் அரை கி.மீ.க்குச் செங்குத்தான மொரைன் (பனியாறு தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும்) மேடு, அதைத் தாண்டினால்தான் பனிக்கட்டிகள் மிதக்கும் மேல் கிரினல் ஏரி. மேல் பாதை ஜூலை நடுவுக்கு முன் பெரும்பாலும் திறக்காது.

பனியாற்றின் மேல் காலை வைக்காதீர்கள். மேலே மெல்லிய பனி மூடியிருக்க, அடியில் வெடிப்பு இருக்கும். இந்தப் பூங்காவின் பெயர் பெற்ற பனியாறுகள் எல்லாமே 1966-க்கும் 2015-க்கும் இடையில் சுருங்கியிருக்கின்றன, சராசரியாக 39 சதவீதம், சில 80 சதவீதத்துக்கும் மேல். அந்த ஏரி இப்போது இருக்கும் இடத்தில் நூறு வருஷத்துக்கு முன் பனிதான் இருந்தது. முடிந்தவர்கள் இந்த நடையைத் தள்ளிப்போடாதீர்கள்.

* * *

ஏரி நிறத்தைப் பற்றி: கீழே தெரியும் கிரினல் ஏரி பச்சை நீலமாக இருப்பதற்குப் பனியாறு அரைத்துவிடும் பாறை மாவு காரணம். அது தண்ணீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கும். மெக்டொனால்ட் ஏரியின் சிவப்பு, பச்சைக் கூழாங்கற்கள் வேறு கதை. இரண்டிலும் இரும்பு உண்டு. ஆழமில்லாத, காற்றுப்பட்ட சேற்றில் படிந்தது சிவந்தது, ஆக்சிஜன் குறைந்த ஆழத்தில் படிந்தது பச்சையானது. நூறு கோடி வருஷத்துக்கும் பழைய பாறை. கல்லை எடுத்துவருவது சட்டப்படி தப்பு, நனைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கல்லில் நிறம் மங்கிவிடும்.

இந்தப் பூங்காவில் கரடியைவிட அதிகம் பேரைக் கொண்டுபோனது தண்ணீர். மெக்டொனால்ட் ஓடைக் கரையில் பாசி படிந்த, நீர் தேய்த்து வழவழப்பான பாறைகளில் நின்று படம் எடுக்கும்போது வழுக்கி விழுகிறார்கள். உருகிய பனி நீரில் மூச்சு தானாக இழுக்கும், சில நிமிஷத்தில் கைகால் சொன்னபடி கேட்காது, நீச்சல் தெரிந்தும் பயனில்லை. குழந்தைகள் ஓடையோரம் நிற்கும்போது கையை விடாதீர்கள். அவலாஞ்ச் ஓடையின் குறுகிய பள்ளத்தாக்கில் தடுப்பைத் தாண்டி இறங்கக் கூடாது. சொந்தமாகக் கயாக், காற்றடைத்த படகு எதுவும் கொண்டுவந்தால், தண்ணீரில் இறக்கும் முன் பரிசோதனைச் சாவடியில் காட்ட வேண்டும். வெளியூர் ஏரிகளில் ஒட்டிக்கொண்டு வரும் சிப்பி இனம் இங்கே நுழையாமல் இருக்கத்தான் இது. படகு சுத்தமாக, வடிந்து, காய்ந்து இருக்க வேண்டும், ஈரமாக இருந்தால் அன்றைக்கு விடமாட்டார்கள்.