கலைச்சொல்: 'கிளிஃப்ஹேங்கர்' என்பதற்கு 'அந்தர நிறுத்தம்'

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். வானொலி நாடகக் கலைச்சொல் இழையில் தொடரின் ஒரு பகுதியை, அடுத்து என்ன ஆகுமோ என்ற கட்டத்தில் நிறுத்திவிடும் உத்தியான 'கிளிஃப்ஹேங்கர்' என்பதற்கு இதுவரை வந்துள்ள 'மலைவிளிம்புத் தொங்கல்', 'உச்சக்கட்ட நிறுத்தம்', 'திகில் முடிவு' ஆகிய மூன்றையும் வரிசையாகப் பொருத்திப் பார்த்த பின்னும் எனக்கு நிறைவு ஏற்படவில்லை. 'அந்தர நிறுத்தம்' என்னும் சொல்லை நான் முன்மொழிகிறேன். அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்கத் திரையரங்குகளில் வாரம் ஒரு பகுதியாகக் காட்டப்பட்ட தொடர்படங்களை ஒட்டி, 1930களில் பரவலான ஆங்கிலச் சொல் இது. செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒருவர் தொங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த வாரப் படம் முடிந்துவிடும். பாறை, விளிம்பு, தொங்கும் உடல் ஆகியவை கண்ணுக்குத் தெரிகிற திரையில் அந்தப் பெயர் பொருந்தியது. வானொலிக்கு வந்ததும் பாறை மறைந்துவிட்டது. பெயர் மட்டும் பழக்கத்தால் நீடித்தது. நாம் அந்தப் பாறையைத் தமிழுக்குச் சுமந்துவரத் தேவையில்லை.

இந்த உத்தியை வானொலியில் மிகத் திறமையாகக் கையாண்ட துப்பறியும் தொடர்களுள் 'ஐ லவ் எ மிஸ்டரி' ஒன்று. கார்ல்டன் இ. மோர்ஸ் எழுதிய இத்தொடர் 1939 ஜனவரியில் அமெரிக்க வானொலி வலையமைப்பான என்.பி.சி.யின் மேற்குக் கரை நிலையங்களில் தொடங்கியது. ஜாக் பேக்கர்ட், டெக்சாஸ்காரரான டாக் லாங், ஆங்கிலேயரான ரெஜி யார்க் ஆகிய மூவரும் ஹாலிவுட்டில் 'ஏ-1' என்ற துப்பறியும் நிறுவனத்தை நடத்துகிறார்கள். எவ்வளவு கடினமான வேலையையும் எவ்வளவு குழப்பமான மர்மத்தையும் ஏற்போம் என்பது அவர்களுடைய விளம்பரம். ரயிலின் ஊதலும், அதைத் தொடர்ந்து பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியசின் 'வால்ஸ் டிரிஸ்ட்' இசையும் ஒலித்தால், வாரநாள்களில் 15 நிமிடம் அமெரிக்க வீடுகளில் வேறு பேச்சு இருந்திராது என்றே நினைக்கிறேன். விளம்பரமும் அறிவிப்பும் போக நாடகத்திற்கு எஞ்சிய நேரம் இன்னும் குறைவு. அதற்குள் முந்தைய நாளின் சிக்கலை அவிழ்க்க வேண்டும், கதையை ஓரடி நகர்த்த வேண்டும், அடுத்த நாளுக்கான சிக்கலையும் போட்டுவிட வேண்டும்.

நம் விவாதத்திற்கு நேரடியாகப் பயன்படுவது 'டெம்பிள் ஆஃப் வாம்பயர்ஸ்' என்ற கதை. 1949 முதல் 1952 வரை மியூச்சுவல் வலையமைப்பில் இத்தொடர் மீண்டும் தயாரிக்கப்பட்டபோதும் இக்கதை ஒலிபரப்பானது. நிகராகுவாவின் காட்டில் விமானத்தை இறக்க நேர்ந்த மூவரும் ஒரு பழங்கோயிலுக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். உயரமான கூரையிலிருந்து தொங்கும் கயிற்றைப் பற்றிக்கொண்டு, ஒரு சுவர்த்திட்டிலிருந்து எதிர்ச்சுவரின் திட்டுக்கு இருளில் ஊசலாடிச் செல்கிறார்கள். இங்கே ஆபத்து விளிம்பில் இல்லை. இரு விளிம்புகளுக்கும் நடுவே, பிடிமானமற்ற வெளியில் இருக்கிறது. 'மலைவிளிம்புத் தொங்கல்' என்ற சொல்லை இக்காட்சிக்குப் பயன்படுத்தினால் படிப்பவர் மலையைத் தேடுவார். விமானி ஒருவரையே நாயகராகக் கொண்ட 'கேப்டன் மிட்நைட்' போன்ற தொடர்களுக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. இயந்திரம் பழுதாகி விமானம் தலைகீழாகப் பாயும் கட்டத்தில் அன்றைய பகுதி முடிந்தால், அங்கே பாறைக்கு என்ன வேலை?

வானில் நேரும் ஆபத்து வானொலிக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். உயரத்தைக் காட்ட அரங்கமைப்பு தேவையில்லை. நடிகர் ஒலிவாங்கியிலிருந்து சில அடி விலகி நின்று பேசினால் தொலைவு உண்டாகும். குரலில் எதிரொலியைச் சேர்த்தால் கூரை உயரும். கயிறு முறுக்கேறும் ஓசையோடு பேச்சு நின்றுபோனால், கீழே எவ்வளவு ஆழம் என்பதைக் கேட்பவரே அளந்துகொள்வார். அந்த ஆழத்திற்கு அடி இல்லை. திரைப்படத்தில் பள்ளத்தின் அடி எப்போதாவது கண்ணில் பட்டே தீரும்.

'அந்தரம்' என்ற சொல்லை நான் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம், அது வழக்கில் உயிரோடு இருப்பது. முடிவெடுக்கப்படாமல் கிடக்கும் எதையும் 'அந்தரத்தில் தொங்குகிறது' என்று எல்லோரும் சொல்கிறோம். ஆகாயம் என்ற பொருளும் பழமையானது. மணிமேகலையில் வான்வழியே செல்ல உதவும் மந்திரத்தின் பயனை 'அந்தரம் திரியவும்' என்ற தொடரே குறிக்கிறது. இடைவெளி, இடைப்பட்ட நிலை என்ற பொருளும் அதற்கு உண்டு. கர்நாடக இசையில் அந்தர காந்தாரம் என்ற சுரத்தைப் பாடுபவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நேற்றைய பகுதிக்கும் நாளைய பகுதிக்கும் இடைப்பட்ட காலமும் ஓர் அந்தரம்தான் அல்லவா? இவற்றோடு, ஈழத் தமிழில் 'அந்தரம்' என்றால் பதைப்பும் அவசரமும் ஆகும். 'அந்தரப்படாதே' என்று அங்கே அன்றாடம் சொல்கிறார்கள். கதாபாத்திரம் வானில் தொங்குவதையும், கதை இடையில் நிற்பதையும், கேட்பவர் பதைப்பதையும் ஒரே சொல் சுட்டுவது நாம் திட்டமிட்டு உருவாக்கினாலும் எளிதில் அமையாது.

'அந்தரத்தில் விடுதல்' என்பதே மக்கள் வழக்காக இருக்கும்போது 'நிறுத்தம்' எதற்கு என்று கேட்கப்படலாம். 'அந்தரத்தில் விட்டுவிட்டான்' என்றால் கைவிட்டான் என்று பொருள். விட்டவன் திரும்பி வரப்போவதில்லை. தொடரின் ஆசிரியரோ மறுநாள் அதே நேரத்திற்குத் திரும்பி வந்தாக வேண்டியவர். நிறுத்தம் என்பதில் மீண்டும் புறப்படும் குறிப்பு இருக்கிறது. 'முடிவு' என்ற சொல்லை ஏற்காததற்கும் இதுவே காரணம். எதுவும் முடியாத இடத்தை முடிவு என்பது கேட்பவரைத் திசைதிருப்பும்.

'உச்சக்கட்ட நிறுத்தம்' என்று எழுதிய நண்பருக்கு ஒரு சொல். உச்சக்கட்டம் முழுக் கதைக்கும் உரியது. இந்த நிறுத்தமோ வாரத்தில் ஐந்து முறை வருவது. அன்றாடம் உச்சம் தொடும் கதைக்கு உச்சம் என்று ஒன்று இருக்க முடியாது. 'திகில் முடிவு' இன்னும் குறுகலானது. மோர்சின் 'தி திங் தட் கிரைஸ் இன் தி நைட்' என்ற கதையில், குழந்தையே இல்லாத பெரிய வீட்டில் குழந்தை அழும் ஒலி கேட்கிறது. அத்தகைய ஒலியோடு ஒரு பகுதி நின்றால், யாரும் எங்கும் தொங்காவிட்டாலும் அது இதே உத்திதான். ஆகவே உடலுக்கு நேரும் இடரை மட்டும் குறிக்கும் 'இடர்நிறுத்தம்' போன்ற சொற்களும் போதமாட்டா. 'அந்தரம்' வடசொல் என்ற மறுப்பு வரும் என்பதை அறிவேன். தனித்தமிழில் இதே அளவு பொருள்தாங்கும் சொல்லை யாரேனும் தந்தால் என் பரிந்துரையை மகிழ்ச்சியோடு விலக்கிக்கொள்வேன். 'இடைத்தொங்கல்' என்று நானே முயன்று பார்த்தேன். அது காதணியின் பெயர்போல் ஒலிக்கிறது.

பிரிட்டனிலும் இதே உத்தி பெருங்கூட்டத்தைக் கட்டிப்போட்டது. பி.பி.சி.யின் லைட் புரோகிராம் அலைவரிசையில் 1946 முதல் 1951 வரை வாரநாள்களின் மாலை 6.45க்கு வந்த 'டிக் பார்ட்டன்' தொடர், 15 நிமிடப் பகுதிகளாக 711 முறை ஒலிபரப்பானது. உச்சநிலையில் ஏறத்தாழ 1.5 கோடிப் பேர் கேட்டதாகக் கணக்கு. இத்தகைய தொடர்களில் அறிவிப்பாளர் 'தப்புவார்களா?' என்ற தொனியில் கேட்டு நிறுத்தும் கேள்வியும் அந்தர நிறுத்தத்தின் உறுப்பே என்பதால் அதற்குத் தனிச்சொல் வேண்டியதில்லை. மறுநாள் தொடக்கத்தில் வருவதற்கு, நம் வார இதழ்கள் நெடுங்காலமாக அச்சிட்டுவரும் 'முன்கதைச் சுருக்கம்' போதும். 'கேப்டன் மிட்நைட்' தொடரில் அடுத்த பகுதி பற்றிய துப்பைக் குறியீட்டு மொழியில் வாசிப்பார்கள். தொடரின் விளம்பரதாரரான ஓவல்டின் பான நிறுவனம் வழங்கிய குறிவிலக்கிப் பதக்கம் வைத்திருக்கும் சிறுவர்களுக்கு மட்டும் அது விளங்கும். இதை 'மறைமுன்னோட்டம்' எனலாம். ஆனால் சொற்பட்டியலில் சேர்க்கும் அளவுக்கு அது பொதுவான வழக்கமன்று.

வினைவடிவமாக 'அந்தரத்தில் நிறுத்து' என்பதையும், மறுநாள் சிக்கல் அவிழும் இடத்திற்கு 'விடுவிப்பு' என்பதையும் பதிவில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 'சஸ்பென்ஸ்' என்பதைத் தனிப்பதிவாக வைக்க வேண்டும். அது பகுதி முழுவதும் பரவியிருக்கும் உணர்வு. அந்தர நிறுத்தமோ ஒரு புள்ளி.

இன்னும் ஒன்றுக்குத்தான் என்னிடம் சொல் இல்லை. பழைய திரைத்தொடர்களில், வண்டியோடு பள்ளத்தில் விழுந்ததாகக் காட்டப்பட்ட நாயகர், வண்டி விழுவதற்கு முன்பே குதித்துவிட்டதாக அடுத்த வாரம் புதிய காட்சி ஒன்றைச் செருகுவார்கள். இந்த நேர்மையற்ற விடுவிப்பை 'ஏய்ப்பு விடுவிப்பு' என்று தற்காலிகமாகக் குறித்துவைத்திருக்கிறேன். இரண்டு 'ப்பு' அடுத்தடுத்து வருவது நாவுக்கு இடறுகிறது. நண்பர்கள் இதைவிட நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினர் ஒருவர்