நொதியுணரியா, நொதிகாட்டியா?

நோய்களோடு தொடர்புடைய நொதிகளை ஒளிர்வின் துணையால் கண்டறியும் நானோபொருள்களுக்கு 'நொதியுணரி' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. சுருக்கமான சொல்தான், ஆயினும் அதை ஏற்பதில் எனக்கு ஒரு தடை உண்டு. அத்தொகையை 'நொதியை உணர்வது' என இரண்டாம் வேற்றுமையாகவும் விரிக்கலாம். 'நொதியால் உணர்வது' என மூன்றாம் வேற்றுமையாகவும் விரிக்கலாம். இருவகைப் பொருள்களும் புழக்கத்தில் இருப்பதால் இதை வெறும் இலக்கண நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இரத்தச் சர்க்கரை பார்க்கும் பட்டைகளில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் போன்றதொரு நொதி பதிக்கப்பட்டிருக்கும். அங்கே நொதி கருவியின் உறுப்பு, அறியப்படுவது குளுக்கோஸ். நாம் பெயர் தேடும் பொருளிலோ அறியப்பட வேண்டியதே நொதிதான்.

அது செயல்படும் விதத்தைப் பார்த்தால் பெயருக்கான வழியும் புலப்படும். அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு பெப்டைடு இழையின் ஒரு முனையைப் பொன் நானோதுகளில் பிணைத்து, மறுமுனையில் ஒளிரும் சாயம் ஒன்றை இணைக்கிறார்கள். சாயம் பொன்னுக்குச் சில நானோமீட்டர் நெருக்கத்தில் இருக்கும்வரை, அது உறிஞ்சிய ஆற்றலின் பெரும்பகுதி ஒளியாக வெளிவராமல் பொன்னுக்குச் சென்றுவிடுகிறது. புற்றணுக்கள் சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவத் துணைபுரியும் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் வகை நொதி வந்து, தனக்குரிய அமினோ அமில வரிசையைக் கண்டு இழையை வெட்டியதும், சாயம் விலகிச் சென்று ஒளிர்கிறது. இந்நொதிகள் பெரும்பாலும் செயலற்ற முன்வடிவில் சுரப்பவை என்பதையும் இங்கே கருத வேண்டும். எதிர்ப்பொருள் கொண்டு செய்யும் சோதனை பல வேளைகளில் இரு வடிவங்களையும் சேர்த்தே கணக்கிட்டுவிடும், இங்கோ வெட்டும் திறன் பெற்ற நொதி மட்டுமே ஒளியை எழுப்பும்.

எனவே 'நொதிகாட்டி' என்பதை முன்வைக்கிறேன். திசைகாட்டி, நாள்காட்டி, நிறங்காட்டி ஆகிய சொற்களில் 'காட்டி' என்பதற்கு முன்னே நிற்பது காட்டப்படும் பொருளே ஆதலால், இங்கு மூன்றாம் வேற்றுமைக் குழப்பம் எழாது. சர்க்கரைப் பட்டை போன்றவற்றை 'நொதிவழி உணரி' எனலாம். 'காட்டி' என்பது இருப்பை மட்டும் சொல்லும், அளவைச் சொல்லாது என்று மறுப்பு எழலாம். ஆனால் கரைசலில் மிதக்கும் இத்துகள்கள் தாமாக எதையும் அளப்பதில்லை. ஒளிர்வு எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதை அளப்பது வெளியிலுள்ள ஒளிர்வுமானி. காட்டுவதும் அளப்பதும் வெவ்வேறு வேலைகள், அவற்றுக்கு வெவ்வேறு பெயர்கள் இருப்பதே நல்லது. வேதிவினையிலேயே ஒளி பிறக்கும் முறைகளும் நொதிச் சோதனைகளில் உள்ளமையால், முழுப்பெயரில் 'ஒளிர்' என்று நிறுத்தாமல், வெளியிலிருந்து படும் ஒளியை உறிஞ்சி உடனே ஒளிர்வதைச் சுட்டும் 'உடனொளிர்' என்பதைச் சேர்த்து 'உடனொளிர் நொதிகாட்டி' என்றே எழுதுவது தெளிவு தரும்.

இனி, பொன்துகளும், சில வடிவமைப்புகளில் அதற்குப் பதிலாக வரும் கிராஃபீன் ஆக்சைடு என்னும் மெல்லிய கரிமத் தகடும் சாயத்தின் ஒளிர்வுக்குச் செய்வதை என்னவென்று சொல்வது? 'அணைப்பு' என்றால் தழுவல் என்ற பொருளும் கூடவே வரும். 'ஒடுக்கம்' ஆக்சிஜனேற்றத்தின் எதிர்வினைக்கு வேதியியலில் ஏற்கெனவே உரியதாகிவிட்டது. சாயம் சிதையாமல், விலகியதும் மீண்டும் ஒளிர்வதால் 'ஒளிர்தணிப்பு' பொருந்தும். அதைச் செய்யும் பொருள் 'ஒளிர்தணிப்பி'. அணு உலையில் நியூட்ரானின் வேகத்தைக் குறைப்பதற்குத் 'தணிப்பான்' என்னும் பாடநூல் வழக்கு உண்டெனினும், 'ஒளிர்' என்ற முன்னொட்டு இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். நெடுநேரம் ஒளிபட்டு, சாயமே சிதைந்து மீளாமல் மங்குவது முற்றிலும் வேறொரு நிகழ்வு. அதற்கு 'ஒளிவெளிறல்' என்ற தனிச்சொல் வேண்டும். இல்லையேல் ஆய்வேட்டைப் படிப்பவர் மங்கிய சாயத்தை நொதி இல்லாததன் அடையாளமாகக் கொண்டுவிடுவார்.