ஓடிக்கொண்டிருக்கும் மேக்ரோவைப் பயனர் பாதியில் நிறுத்த விரும்பினால்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எக்செல்லில் விபிஏ என்னும் நிரல்மொழி கொண்டு நான் எழுதிய மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் நிரல்) ஒன்றை எங்கள் பிரிவில் பலர் பயன்படுத்துகிறார்கள். ஒரு ஷீட்டில் உள்ள பல்லாயிரம் வரிசைகளை ஒவ்வொன்றாகப் படித்து, வேறு இரண்டு ஷீட்டுகளில் உள்ள விவரங்களோடு ஒப்பிட்டு, கிடைத்த முடிவை அதே வரிசையின் நான்கு கட்டங்களில் எழுதுவது அதன் வேலை. தொடக்கத்தில் ஸ்கிரீன்அப்டேட்டிங் (திரையைப் புதுப்பித்தல்), எனேபிள்ஈவன்ட்ஸ் (நிகழ்வுகளுக்கான நிரல்களை ஓடவிடுதல்) ஆகிய இரண்டையும் நிறுத்திவிட்டுக் கணக்கீட்டை மேனுவலுக்கு, அதாவது சூத்திரங்கள் தானாகக் கணக்கிடப்படாத நிலைக்கு, மாற்றுகிறேன். முடிவில் மூன்றையும் பழையபடி வைக்கிறேன். இறுதிவரை ஓடி முடிந்தால் எந்தக் குறையும் இல்லை.

ஆனால் தவறான மாதத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டதை நடுவில் உணரும் பயனர் எஸ்கேப் விசையை அழுத்தும்போது, நிரல் இடைமறிக்கப்பட்டதாகக் கூறும் பெட்டி தோன்றுகிறது. அதில் டீபக்கை அழுத்துபவருக்கு மஞ்சள் கோடிட்ட நிரல் திறந்து கொள்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரிவதில்லை. எண்டை அழுத்துபவரின் நிலை இதைவிட மோசம். பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தாலும், கணக்கீடு மேனுவலிலேயே நின்றுவிடுவதால், திறந்திருக்கும் மற்றக் கோப்புகளின் சூத்திரங்களும் பழைய எண்களையே காட்டுகின்றன.

எனேபிள்கேன்சல்கீ என்னும் அமைப்பை எக்ஸ்எல்டிஸேபிள்டு என்று வைத்து எஸ்கேப்பையே செயலிழக்கச் செய்துவிடலாம் என்று ஒருவர் ஆலோசனை கூறினார். அது முறையா? அல்லது, 'நிறுத்தவா, தொடரவா' என்று பயனரைக் கேட்டு, அவர் நிறுத்தச் சொன்னால் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டு வெளியேற வழி இருக்கிறதா?

மறுமொழி 1

எஸ்கேப்பை முற்றிலும் முடக்க வேண்டாம். லூப் (திரும்பத் திரும்ப ஓடும் நிரல்பகுதி) ஒன்று எதிர்பாராத தரவால் முடிவின்றிச் சுழலத் தொடங்கினால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்செல்லையே மூடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அப்படி மூடும்போது சேமிக்கப்படாத மற்ற வேலைகளும் போய்விடும்.

அந்த அமைப்புக்கு மூன்று மதிப்புகள் உண்டு. இயல்பானது எக்ஸ்எல்இன்டரப்ட், நீங்கள் குறிப்பிடும் பெட்டி அதனால் வருவதுதான். மூன்றாவதான எக்ஸ்எல்எரர்ஹேண்ட்லரே உங்களுக்கு உரியது. அதை வைத்துவிட்டால், பயனர் எஸ்கேப்பையோ கன்ட்ரோல் பிரேக்கையோ அழுத்துவது 18ஆம் எண் பிழையாக மாறி, நீங்கள் ஆன் எரர் கோடூ (பிழை வந்தால் எங்கே செல்வது என்று கூறும் கட்டளை) மூலம் காட்டிய இடத்துக்கு வந்து சேரும். அங்கே பிழை எண் 18 தானா என்று பார்த்து, ஆம் என்றால் ஒரு மெசேஜ்பாக்ஸில் கேளுங்கள். தொடரச் சொன்னால் நின்ற வரிக்கே திரும்பும் ரெஸ்யூம், நிறுத்தச் சொன்னால் ஒழுங்குபடுத்தும் பகுதிக்குச் செல்லும் ரெஸ்யூம். இயல்பாக முடிந்தாலும், பிழையால் முடிந்தாலும், பயனர் நிறுத்தினாலும் அந்த ஒரே பகுதி வழியாகத்தான் மேக்ரோ வெளியேற வேண்டும்.

கவனிக்க வேண்டியவை சில உள்ளன. எக்செல் ஓய்வு நிலைக்குத் திரும்பியதும் இந்த அமைப்பு தானாகவே எக்ஸ்எல்இன்டரப்டுக்கு மாறிவிடும். எனவே ஒவ்வொரு முறை மேக்ரோ தொடங்கும்போதும் அதை வைத்தாக வேண்டும். கணக்கீட்டை எப்போதும் ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றாமல், தொடக்கத்தில் இருந்த மதிப்பை ஒரு மாறியில் வைத்திருந்து அதையே திரும்பக் கொடுங்கள். பெரிய கோப்புகளோடு வேலை செய்பவர்கள் விரும்பியே மேனுவலில் வைத்திருப்பார்கள். ஸ்டேட்டஸ்பாரில் ஏதேனும் எழுதியிருந்தால் அதற்கு ஃபால்ஸ் என்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாசகம் அங்கேயே தங்கிவிடும். பொறுமையிழந்த பயனர் இரண்டாம் முறை எஸ்கேப்பை அழுத்தி ஒழுங்குபடுத்துவதையே இடைமறிக்காதபடி, அந்தச் சில வரிகளுக்கு மட்டும் எக்ஸ்எல்டிஸேபிள்டைப் பயன்படுத்தலாம். அதற்கு நியாயமான இடம் அதுவொன்றுதான் என்பது என் கருத்து.

இன்னொன்று: லூப்புக்குள் எங்கேனும் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் (பிழையைப் பொருட்படுத்தாமல் அடுத்த வரிக்குச் செல்லும் கட்டளை) இருந்தால், 18ஆம் எண் பிழையையும் அது ஓசையின்றி விழுங்கிவிடும். பயனர் அழுத்திக்கொண்டே இருப்பார், மேக்ரோ ஓடிக்கொண்டே இருக்கும்.

மறுமொழி 2

மேலே கூறப்பட்டது சரியானதே. ஆனால் அது பாதிக் கேள்விக்கு மட்டுமே விடை. எஸ்கேப் எந்த வரியிலும் வந்து விழலாம். நான்கு கட்டங்களில் இரண்டை எழுதிய நிலையில் பயனர் நிறுத்தச் சொன்னால், அமைப்புகள் அனைத்தும் ஒழுங்காகத் திரும்பிவிடும். அந்த வரிசையில் மட்டும் பாதி புதியதும் பாதி பழையதுமாகக் கலந்து கிடக்கும். மேக்ரோ ஷீட்டை மாற்றியதும் அன்டூ பட்டியல் அழிந்துவிடுவதால், பயனர் அதைப் பின்வாங்கவும் முடியாது. ஆகவே எப்படி நிறுத்துவது என்பதற்கு முன்பாக, எந்த இடத்தில் நிறுத்தினால் தரவு கெடாது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். உங்கள் மேக்ரோவில் அது ஒரு வரிசை முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட இடம்.

இதற்கு எரர் ஹேண்ட்லரையே (பிழையைக் கையாளும் பகுதியையே) சற்று மாற்றிப் பயன்படுத்தலாம். 18ஆம் எண் பிழை வந்ததும் அங்கே எதையும் கேட்காமல், 'நிறுத்தக் கோரப்பட்டது' என்ற பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் ஏற்கும்) மாறியை ட்ரூ ஆக்கிவிட்டு ரெஸ்யூம் செய்யுங்கள். லூப் தன் வரிசையை முழுமையாக முடித்த பிறகு அந்த மாறியைப் பார்க்கட்டும். கேள்வியை அங்கே கேட்கலாம். ஆனால் வரிசையின் வேலையைத் தனி ப்ரொசீஜரில் (பெயர் சொல்லி அழைக்கப்படும் நிரல்பகுதியில்) எழுதி, அதில் எரர் ஹேண்ட்லர் வைக்காமல் விட்டிருந்தால், பிழை மேலே உள்ள ப்ரொசீஜருக்கு ஏறிவரும். அங்கிருந்து செய்யும் ரெஸ்யூம், நின்ற வரிக்குத் திரும்பாமல் அந்த அழைப்பையே முதலிலிருந்து மீண்டும் செய்யும். ஏற்கெனவே உள்ள தொகையோடு கூட்டி எழுதும் வேலையாக இருந்தால் ஒரே வரிசை இருமுறை கூடிவிடும்! ஆகவே உள் ப்ரொசீஜரிலும் ஹேண்ட்லர் தேவை.

எஸ்கேப் என்று ஒன்று இருப்பதே பல பயனர்களுக்குத் தெரியாது என்பதால், 'நிறுத்து' என்ற பொத்தானுடன் ஒரு யூசர்ஃபார்ம் (மேக்ரோ திறக்கும் சிறு சாளரம்) காட்டுவதை நான் விரும்புவேன். பொத்தானின் கிளிக் நிகழ்வு அதே பூலியன் மாறியை மாற்றினால் போதும். அந்தக் கிளிக் எக்செல்லின் கவனத்துக்கு வர, லூப்புக்குள் டூஈவன்ட்ஸ் (காத்திருக்கும் கிளிக், விசையழுத்தங்களுக்கு வழிவிடும் கட்டளை) வேண்டும். பலரும் சறுக்கும் இடம் இதுதான்: டூஈவன்ட்ஸ் பொத்தானுக்கு மட்டும் வழிவிடுவதில்லை, எல்லாவற்றுக்கும் வழிவிடுகிறது. ஃபார்ம் மோட்லெஸ்ஸாக (பின்னால் உள்ள ஷீட்டையும் பயன்படுத்த விடுவதாக) இருந்தால் பயனர் அந்த நேரத்தில் ஷீட்டில் தட்டச்சு செய்யலாம், வரிசைகளை நீக்கலாம், அதே மேக்ரோவை இன்னொரு முறை தொடங்கலாம், கோப்பையே மூடலாம். எனவே ஃபார்மை மோடலாகக் காட்டி, மேக்ரோவின் முதன்மை வேலையை அந்த ஃபார்மின் ஆக்டிவேட் நிகழ்விலிருந்து தொடங்குங்கள். அப்போது ஷீட் பூட்டப்பட்டிருக்கும், பொத்தான் மட்டும் வேலை செய்யும். மூலையில் உள்ள பெருக்கல் குறியைப் பயனர் அழுத்தினால், க்வெரிகுளோஸ் நிகழ்வில் மூடுவதைத் தடுத்து, அதையும் நிறுத்தக் கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வரிசைக்கும் டூஈவன்ட்ஸை அழைத்தால் வேகம் குறையும். டைமர் (நள்ளிரவிலிருந்து கடந்த நொடிகளைத் தருவது) மூலம் அரை நொடிக்கு ஒருமுறை அழைத்தால் போதுமானது. டைமர் நள்ளிரவில் பூஜ்யத்துக்குத் திரும்புவதால், இரவில் ஓடும் மேக்ரோக்களில் புதிய மதிப்பு பழையதைவிடக் குறைவாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மறுமொழி 3

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நேரம் முழுவதும் ஒரே வரியில் செலவானால் டூஈவன்ட்ஸ் பயன்படாது. அந்த வரி முடிந்த பிறகுதான் அதன் முறை வரும். சூத்திரங்களைக் கணக்கிடச் செய்யும் கால்குலேட்டை அழைக்கும் மேக்ரோவில் கணக்கீட்டை எந்த விசை நிறுத்த வேண்டும் என்பதை கால்குலேஷன்இன்டரப்ட்கீ தீர்மானிக்கிறது. அப்படி நிறுத்தப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அடுத்த வரிக்குச் செல்லும் முன் கால்குலேஷன்ஸ்டேட் எக்ஸ்எல்டன் (கணக்கீடு முடிந்தது) ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வெளித் தரவைக் கொண்டுவரும் க்வெரிடேபிளைப் பின்னணியில் புதுப்பிக்கச் செய்தால், ரெஃப்ரெஷிங் என்ற பண்பைக் கவனித்துக்கொண்டிருந்து, பயனர் கேட்டால் கேன்சல்ரெஃப்ரெஷ் மூலம் நிறுத்தலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. மோடல் ஃபார்ம் முறையைப் பின்பற்றப் போகிறேன். ஓர் ஐயம்: தவறான மாதம் என்பதால் நிறுத்தும் பயனருக்கு, முழுமையாக எழுதப்பட்ட வரிசைகளும் வேண்டாதவையே அல்லவா? அவற்றை எப்படி நீக்குவது?

மறுமொழி 2 எழுதியவர்

அப்படியானால் நீக்கும் தேவையே வராதபடி அமைத்துவிடுங்கள். மூன்று ஷீட்டுகளின் விவரங்களையும் தொடக்கத்திலேயே வேரியன்ட் அரேக்களில் (நினைவகத்தில் இருக்கும் அட்டவணைகளில்) படித்து, முடிவுகளையும் ஓர் அரேயிலேயே சேர்த்து வைத்து, இறுதியில் நான்கு நெடுவரிசைகளிலும் ஒரே கட்டளையில் எழுதுங்கள். அதற்கு முன் எந்தக் கணத்தில் நிறுத்தினாலும் ஷீட்டில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. கட்டம் கட்டமாகத் தொடுவதைவிட இது மிக விரைவானது என்பதால், உங்கள் மேக்ரோ நிறுத்த நினைப்பதற்குள்ளேயே முடிந்துவிடவும் கூடும். ஃபார்மை வடிவமைப்பதற்கு முன் இந்த மாற்றத்தைச் செய்து, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். செய்தவரை சேமித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பிறகு தொடர வேண்டிய வேலைகளுக்கு மட்டும் வரிசைக்கு வரிசை எழுதும் முறையை வைத்துக்கொள்ளலாம். அங்கே முடிந்த வரிசையைக் குறிக்கத் தனி நெடுவரிசை ஒன்று தேவைப்படும், அந்தக் குறியை வரிசையின் கடைசி வேலையாக எழுத வேண்டும்.